32 புள்ளி அகலத்தில் ஓர் ஆய்வகம்

1997-இல் பெங்களூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் செயல்முறைப் பயிற்றுநராகச் சேர்ந்தேன். அங்கிருந்த நான்கு கணினிகளின் திரைகளிலும் ஒரே மாதிரியான ஒன்பது படவுருக்கள், அதாவது அழுத்தினால் ஒரு நிரலைத் திறக்கும் சிறு படங்கள், வரிசையாக நின்றன. எனக்கு முன்பு அந்தப் பணியில் இருந்தவர், மாணவர்கள் எடுத்துவரும் அளவீடுகளைத் தட்டச்சு செய்து வரைபடமும் விடையும் பெறுவதற்காக, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சிறு நிரலை விசுவல் பேசிக் 3-இல் எழுதி வைத்திருந்தார். நிரல்கள் பிழையின்றி ஓடின. ஆனால் எதற்கும் தனிப் படவுரு இல்லை. அந்த மென்பொருள் தானாக ஒட்டிவிடும் பொதுச் சின்னமே ஒன்பது முறை நின்றது. அதன் கீழே, எட்டு எழுத்துக்குள் அடங்கும்படி உயிரெழுத்துகளை நீக்கிச் சுருக்கிய ஆங்கிலப் பெயர்கள் இருந்தன. இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை ஆராயும் சுரமானிச் சோதனை செய்யவேண்டிய மாணவர் வேறொரு நிரலைத் திறந்து எண்களை உள்ளிட்டு, வந்த விடையை அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டு போன நாள்களும் உண்டு.

அந்த ஆய்வகத்தில் உதவியாளர் ஒருவர் இருந்தார். கோலார் தங்கவயலில் பிறந்து, அல்சூரில் குடியிருந்த தமிழர். அவருடைய தந்தை சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். நான் அவரை அண்ணா என்று அழைத்தேன். அவருக்கு என் தந்தை வயது இருந்தும், இன்றுவரை என்னை மேடம் என்றுதான் அழைக்கிறார். காலையில் மாணவர்கள் வருவதற்கு முன்பு கருவிகளைத் துடைத்து, விளக்குகளைச் சூடேற்றி, ஒவ்வொரு மேசைக்கும் உரிய நிரலைக் கணினியில் திறந்து வைப்பது அவர் பொறுப்பு. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்க அவருக்குத் தெரியும். ஆனால் சுரமானியின் ஆங்கிலப் பெயரான சோனோமீட்டர் சுருங்கி, எஸ்-என்-எம்-டி-ஆர் என்று நிற்கும் ஐந்து மெய்யெழுத்துகளை எப்படிக் கூட்டுவது? எங்கள் மாணவர்கள் வீட்டில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் மலையாளமும் பேசுபவர்கள். எந்த மொழியில் பெயர் எழுதினாலும் யாரோ ஒருவர் வெளியே நிற்கும் ஊர் இது. சுரமானியைப் படமாகவே வைத்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே ஒன்பது சோதனைகளுக்கும் படவுரு வரைவது என்று முடிவு செய்தேன். அப்போது நாங்கள் ஐகான் என்று மட்டுமே சொன்னோம். படவுரு என்ற நல்ல சொல் எனக்குப் பிறகுதான் கிடைத்தது.

மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவித் தொகுப்பில் இமேஜ் எடிட்டர் என்ற சிறு மென்பொருள் இருந்தது. திறந்தால் 32 கட்டம் அகலமும் 32 கட்டம் உயரமும் கொண்ட ஒரு சதுரம் பெரிதாக விரியும்; ஒரு கட்டம் என்பது திரையில் ஒரு புள்ளி. பக்கத்தில் அதன் உண்மையான அளவிலான படம் சிறிதாகத் தெரியும். கீழே 16 நிறங்கள். கறுப்பு, வெள்ளை, இரண்டு சாம்பல்கள் ஆகியவற்றை எடுத்துவிட்டால் மீதியிருப்பவை ஆறு நிறங்கள்தான். அவை ஒவ்வொன்றும் பளிச்சென்று ஒரு முறையும் மங்கலாக ஒரு முறையும் வருவதால் பன்னிரண்டு ஆகின்றன. அடுக்குகள் கிடையாது. விளிம்பை மென்மையாக்கித் தரும் வசதி கிடையாது. ஒரு கட்டத்தைச் சுட்டியால் அழுத்தினால் அந்தக் கட்டம் நிறம் மாறும், அவ்வளவுதான். 1984-இல் வந்த மேகின்டாஷ் கணினியின் படவுருக்களை சூசன் கேர் கட்டம் போட்ட தாளில்தான் முதலில் வரைந்தார் என்பதையும், விண்டோஸ் 3.0-இன் படவுருக்கள் பலவும் அவர் கைவண்ணம் என்பதையும் பின்னால் அறிந்தேன். நானும் அறியாமலே அதே வழியில் போயிருந்தேன்: ஆய்வகத்தில் தாராளமாகக் கிடைத்த வரைபடத்தாளில் ஒரு புள்ளிக்கு அரை சென்டிமீட்டர் என்று வைத்து, 16 சென்டிமீட்டர் சதுரத்தில் பென்சிலால் நிரப்பிப் பார்த்த பிறகே கணினிக்குப் போவேன்.

முதலில் எடுத்துக்கொண்டது நியூட்டன் வளையங்கள்: தட்டைக் கண்ணாடியின் மேல் வைத்த லென்ஸுக்கு அடியில் ஒளியும் இருளுமாகத் தெரியும் வளையங்கள். வட்டங்கள்தானே, எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். மஞ்சளும் கறுப்புமாகச் சம இடைவெளியில் ஐந்து வட்டங்கள், நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு. ஒரு மாலை நேரத்தில் முடித்துவிட்டு அண்ணாவை அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரைக்கு அருகில் குனிந்து, சற்று நேரம் பார்த்தார்.

“இது துப்பாக்கி சுடுற பலகை மாதிரி இருக்கு மேடம். நம்ம வளையத்துல நடு இருட்டால்ல இருக்கும்? நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா லென்ஸ்ல தூசி இருக்குன்னு அர்த்தம். நான் எடுத்துத் துடைச்சுட்டுத் திரும்ப வைப்பேன்.”

முதுகலைத் தேர்வில் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியவள் நான். தட்டைக் கண்ணாடியின் மேல் குவிவில்லையை வைத்து மேலிருந்து பார்க்கும்போது, இரண்டும் தொடும் இடத்தில் காற்றுப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ இல்லை. படலத்தின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் கதிருக்கும் கீழ்ப்பரப்பில் எதிரொளிக்கும் கதிருக்கும் பாதை வேறுபாடு இல்லாவிட்டாலும், அடர்த்தி மிகுந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிர் அரை அலைநீளம் பின்தங்குவதால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அந்த இடம் இருண்டுவிடுகிறது. தூசி நடுவில் புகுந்தால் கண்ணாடிகள் விலகி, அந்த இருட்டு போய்விடும். இதை நான் சமன்பாடாக அறிந்திருந்தேன். அவர் துணியும் கையுமாக அறிந்திருந்தார். வரைய உட்கார்ந்தபோது என் சமன்பாடு எனக்கு உதவவில்லை. ஏனென்றால் நான் வரைந்தது வளையம் என்ற சொல்லைத்தான், லென்ஸுக்கு அடியில் தெரிவதை அல்ல.

அன்றிரவு மீண்டும் வரைபடத்தாளை எடுத்தேன். இருண்ட வளையங்களின் ஆரம் அவற்றின் வரிசை எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. ஆகவே வெளியே போகப்போக வளையங்கள் நெருங்கிக்கொண்டே வரவேண்டும். 32 புள்ளிச் சதுரத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு 16 புள்ளி இருக்கிறது. முதல் இருண்ட வளையத்தை 8-ஆவது புள்ளியில் வைத்தால், இரண்டாவது 11.3, மூன்றாவது 13.9, நான்காவது சரியாக 16. அதாவது 8, 11, 14, பிறகு விளிம்பு. இதைவிடப் பொருத்தமான எண்கள் கிடைக்குமா என்று எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அந்தச் சதுரம் இந்தச் சோதனைக்காகவே அளந்து வெட்டியது போல் இருந்தது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். 32 இரட்டை எண் என்பதால் அந்தச் சதுரத்துக்கு நடுப்புள்ளி என்று ஒன்று கிடையாது. நான்கு புள்ளிகளின் மூலைகள் கூடும் சந்திதான் நடு. ஆகவே நடுவிலிருக்கும் இருட்டை ஒற்றைப் புள்ளியாக வைக்கவே முடியாது. மூன்று புள்ளி ஆரமுள்ள கறுப்பு வட்டமாக வைத்தேன். லென்ஸில் தெரிவதும் அப்படிப் பரந்த இருட்டுதான். கறுப்புக்கும் பளிச்சென்ற மஞ்சளுக்கும் இடையில் மங்கல் மஞ்சளை ஒற்றை வரிசையாக வைத்ததும் வளையங்கள் வெட்டிய தகடு போல் இல்லாமல் மெல்ல மங்கின. சோடியம் விளக்கின் ஒளி உண்மையில் ஆரஞ்சு சாயலுள்ள மஞ்சள். 16 நிறங்களில் ஆரஞ்சு இல்லை என்ற குறை மட்டும் அப்படியே நின்றது. மறுநாள் அண்ணா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அந்தப் படவுருவை இருமுறை அழுத்தி நிரலைத் திறந்தார். அது போதுமானதாக இருந்தது.

அடுத்தது நிறமாலைமானி, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி. இதற்கு நான் நினைத்த படம் எல்லோரும் நினைப்பதுதான்: முப்பட்டகம், இடப்புறத்திலிருந்து ஒரு வெள்ளைக் கதிர், வலப்புறத்தில் வானவில். அங்கேயும் ஆரஞ்சு இல்லாத குறை குறுக்கிட்டது. சிவப்புப் புள்ளியையும் மஞ்சள் புள்ளியையும் சதுரங்கக் கட்டம்போல் மாற்றி மாற்றி வைத்தால், அக்காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரையில் ஒன்றின் ஒளி மற்றொன்றில் சற்றே கசிந்து ஆரஞ்சாகத் தெரியும். அந்த வழியில் ஏழு நிறத்தையும் ஒருவாறு கொண்டுவந்துவிட்டேன். அண்ணா இம்முறையும் குனிந்து பார்த்தார்.

“நம்ம விளக்குல வானவில் எங்க மேடம் வருது? கோடு கோடாத்தானே வரும்.”

அவர் சொன்னது பாதரச ஆவி விளக்கை. வெயிலைப் போலவோ இழை விளக்கைப் போலவோ அது எல்லா நிறத்தையும் தருவதில்லை. தொலைநோக்கி வழியே பார்த்தால் இருட்டுக்கு நடுவில் தனித்தனிக் கோடுகள் நிற்கும்: 577, 579 நானோமீட்டரில் நெருங்கிய இரண்டு மஞ்சள் கோடுகள், 546-இல் பளீரென்ற பச்சை, 492-க்கு அருகில் மங்கலான நீலப்பச்சை, 436-இல் நீலம், 405-இல் ஊதா. இந்தப் பட்டியலை எழுதிவிட்டு 16 நிறப் பலகையைப் பார்த்தபோது எனக்குள் ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. ஆரஞ்சு தேவையே இல்லை. மஞ்சள் இருக்கிறது, பளிச்சென்ற பச்சை இருக்கிறது, மங்கலான கோட்டுக்கென்றே மங்கலான நீலப்பச்சை இருக்கிறது, நீலம் இருக்கிறது, பளிச்சிடாத இருண்ட ஊதாவும் இருக்கிறது. பலகையில் குறை என்று நான் நினைத்தது, எங்கள் மேசையில் எரியாத ஒரு விளக்கை நான் வரைய முயன்றதால் வந்த குறை.

முப்பட்டகத்தின் வடிவத்தில்தான் உண்மையான போராட்டம் இருந்தது. மூன்று கோணமும் 60 பாகையாக உள்ள கண்ணாடி அது. புள்ளிகளால் சாய்கோடு போடும்போது, ஒரு புள்ளி பக்கவாட்டில் நகர்ந்தால் இரண்டு புள்ளி மேலே ஏறுவது என்று வைத்தால் கோடு ஒழுங்காக, படிக்கட்டு போல் சீராக வரும். ஆனால் அடிக்கோணம் 63 பாகையைத் தாண்டிவிடும், உச்சிக்கோணம் 53 ஆகிவிடும். உண்மையான 60 வேண்டுமென்றால் இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று ஏறவேண்டும். அந்த ஒன்று வரும் இடமெல்லாம் கோட்டில் ஒரு முண்டு போல் தெரியும். அழகு பார்ப்பவர்கள் முதல் வழியைத்தான் சொல்வார்கள். நான் 28 புள்ளி அடிப்பக்கமும் 24 புள்ளி உயரமும் வைத்து இரண்டாவது வழியில் போனேன். மாணவர் கையில் எடுத்துப் பார்த்த கண்ணாடியின் வடிவம் அவர் கண்ணில் தங்கியிருக்கும், அது 53 பாகையாக மெலிந்து நின்றால் ஏதோ ஒன்று உறுத்தும் என்று நம்பினேன். இன்றும் அதையே நம்புகிறேன்.

ஆனால் கண்ணாடிக்குள் போகும் கதிர் ஒரு பரிசு போல் வந்தது. அந்தச் சோதனையில் முப்பட்டகத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஒளிக்கோடு ஓரிடம் வரை நகர்ந்து, நின்று, பிறகு வந்த வழியே திரும்பும். அந்த இடம்தான் சிறும திசைமாற்ற நிலை, அங்கேதான் அளவெடுக்கவேண்டும். அந்த நிலையில் கண்ணாடிக்குள் கதிர் அடிப்பக்கத்துக்கு இணையாகச் செல்கிறது. புள்ளிகளின் உலகத்தில் இணையான கிடைக்கோட்டைவிட எளிதானது எதுவும் இல்லை: ஒரே வரிசையில் வெள்ளைப் புள்ளிகள், முடிந்தது. சரியான இயற்பியலும் எளிதான வரைகலையும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்த அந்த இடத்தை நான் இன்னும் பெருமையோடு நினைக்கிறேன்.

மின்தடையை அளக்கும் வீட்ஸ்டன் சமனச்சுற்றுக்கு உழைப்பே தேவைப்படவில்லை. அதன் வைர வடிவம் 45 பாகைச் சாய்வுகளால் ஆனது. ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்று ஏறும் அந்தச் சாய்வே கட்டத்தாளுக்குப் பிடித்த சாய்வு. ஊசலும் எளிதில் முடிந்தது. பரப்பு இழுவிசைச் சோதனையில் மட்டும் ஒரு சிறு நுட்பம் இருந்தது. நுண்குழாயில் ஏறும் நீரின் மேற்பரப்பைத் தட்டையாக வரைந்துவிட்டு, ஏதோ குறைகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவரை ஒட்டிய இரண்டு புள்ளிகளை ஒரு வரிசை மேலே ஏற்றினேன். உடனே அது நீராகிவிட்டது. அதே இரண்டு புள்ளிகளை ஒரு வரிசை கீழே இறக்கினால் அது பாதரசம். கண்ணாடியோடு ஒட்டாத திரவத்தின் மேற்பரப்பு நடுவில் புடைத்து ஓரங்களில் தாழ்ந்துதான் நிற்கும். இரண்டு புள்ளிகளை நகர்த்தி ஒரு திரவத்தை இன்னொரு திரவமாக்க முடிகிறது என்றால், அந்தச் சதுரத்தில் எந்தப் புள்ளியையும் கவனமின்றி வைக்கக்கூடாது என்ற எண்ணம் எனக்கு அன்றைக்குத்தான் உறுதியானது.

அந்தப் பழக்கம் வந்த பிறகு மற்றவர்கள் வரைந்த அறிவியல் படவுருக்களைப் பார்க்கும் கண்ணும் மாறிவிட்டது. 1995-இல் விண்டோஸோடு சேர்த்து நிறுவிக்கொள்ளத் தனியாக விற்கப்பட்ட பிளஸ் தொகுப்பில் அறிவியல் என்ற பெயரிலேயே ஒரு மேசைத்தள அலங்காரம் இருந்தது. அறிவியலைக் கருப்பொருளாகக் கொண்ட படவுருத் தொகுப்புகளைப் பலரும் வரைந்து ஃபிளாப்பியில் கைமாற்றிக்கொண்ட காலம் அது. அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை மூன்று: அணு, மரபணு இழை, பிறைநிலா. அணுவை மூன்று நீள்வட்டங்களாக வரைவது நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளரின் 1913-ஆம் ஆண்டு மாதிரியின் நிழல். 1926-க்குப் பிறகு எந்த இயற்பியலாளரும் எலக்ட்ரான் அப்படிச் சுற்றுவதாகக் கருதவில்லை என்றாலும், அது ஓர் எழுத்துபோல் நிலைத்துவிட்டது. அதை நான் குறை சொல்லமாட்டேன். மரபணு இழை அப்படியல்ல. நம் உடலில் உள்ள இழை பெரும்பாலும் வலஞ்சுழியாக முறுக்கியது. நிமிர்த்தி வரைந்தால் முன்னால் தெரியும் இழை இடமிருந்து வலமாக மேலேறவேண்டும். எந்த இழை எதன் மேல் போகிறது என்பதை அந்தச் சிறு படத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு மூன்று புள்ளிகளே தீர்மானிக்கின்றன. இடவலமாகத் திருப்பும் கட்டளையை ஒருமுறை அழுத்தினால் போதும், முழு இழையும் இடஞ்சுழியாகிவிடும். அப்படித் திரும்பிப்போன படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறைநிலாவைப் பற்றி எனக்கு ஓர் உள்ளூர் மனக்குறை உண்டு. படவுருக்களில் வரும் பிறை பெரும்பாலும் நிமிர்ந்து, முதுகைப் பக்கவாட்டில் காட்டி நிற்கிறது. அது வடக்கே வெகுதொலைவில் உள்ளவர்கள் காணும் பிறை. பெங்களூர் 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மாசி, பங்குனி மாதங்களில் அல்சூர் ஏரிக் கரையில் நின்று மேற்கே மூன்றாம் பிறையைப் பார்த்தால், அது ஏறத்தாழ மல்லாந்து, படகுபோல் கிடக்கும். நம் கோயில்களில் சிவனின் சடையில் வைத்திருப்பதும் அப்படிக் கிடக்கும் பிறையைத்தான். அந்தப் பிறையின் இருண்ட பகுதிக்குள் ஒரு நட்சத்திரத்தை வைப்பவர்களும் உண்டு. அங்கே இருப்பது ஒளிபடாத நிலவின் உடல், அதை ஊடுருவி எந்த நட்சத்திரமும் தெரியாது. வானியல் மன்றத்துக்காக நான் வரைந்த நிலாவை மல்லாக்கக் கிடத்தினேன். நட்சத்திரத்தைத் தள்ளி வைத்தேன்.

கோப்பின் உட்புறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பின்னால் வருவதற்கு அது தேவை. 16 நிறத்தில், 32 புள்ளி அளவில் வரைந்த ஒற்றைப் படவுருக் கோப்பு எப்போதும் 766 பைட்டு. தலைப்புக்கு 6, உள்ளடக்க அட்டவணைக்கு 16, படத்தின் விவரத்துக்கு 40, நிறப் பலகைக்கு 64, படத்துக்கு 512, எங்கெங்கே பின்னணி தெரியவேண்டும் என்று குறிக்கும் மூடிக்கு 128. படம் கீழ் வரிசையிலிருந்து மேல்நோக்கிச் சேமிக்கப்படுகிறது. உயரம் என்ற இடத்தில் 32 என்று இருக்காது, 64 என்று இருக்கும். படமும் மூடியும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதாகக் கணக்கு. அது புரியாமல் ஒரு வாரம் தடுமாறினேன். விண்டோஸ் 95-இல் சாளரத்தின் தலைப்புப் பட்டைக்கு 16 புள்ளிப் படம் வேண்டும். நாம் வரைந்து தராவிட்டால் அது பெரிய படத்தை எடுத்து ஒன்றுவிட்டு ஒரு வரிசையை நீக்கிவிடும். என் முப்பட்டகத்துக்குள் போன கதிர் அப்படித்தான் ஒருமுறை காணாமற்போனது. ஆகவே சிறியதையும் தனியே வரைந்து சேர்த்தேன். இரண்டும் சேர்ந்தால் 1,078 பைட்டு. இன்னொரு பாடம் ஃபிளாப்பியில் கிடைத்தது. 1.44 மெகாபைட்டு வட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படவுருக்களுக்கு இடம் இருந்தும், வட்டு நிரம்பிவிட்டது என்று கணினி மறுத்தது. அந்த வட்டின் முதல் அட்டவணையில் 224 பெயர்களுக்குத்தான் இடம்; உள்ளே ஒரு கோப்புறையை உருவாக்கி அதற்குள் வைத்தால் அந்த வரம்பு இல்லை.

மூடி என்று சொன்னேனே, அதுதான் முக்கியம். ஒவ்வொரு புள்ளிக்கும் மூடியில் ஒரு பிட்டு உண்டு. மூடியில் 0 என்றால் படத்தின் நிறம் தெரியும். மூடியில் 1, படத்தில் கறுப்பு என்றால் பின்னணி அப்படியே தெரியும். அதுதான் ஒளிபுகும் புள்ளி. மூடியில் 1, படத்தில் வெள்ளை என்றால் மூன்றாவது வகை ஒன்று பிறக்கிறது: பின்னணி தலைகீழாகும். கறுப்புப் பின்னணியில் அந்தப் புள்ளி வெள்ளையாகத் தெரியும், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகத் தெரியும். இமேஜ் எடிட்டரில் இதற்கென்று தலைகீழ் நிறம் என்ற ஒரு தேர்வே இருந்தது. ஒன்பது படவுருக்களில் ஒன்றிலும் நான் அதைப் பயன்படுத்தவில்லை. எதற்குப் பயன்படும் என்றும் தெரியவில்லை.

1998 பிப்ரவரியில், தேசிய அறிவியல் நாள் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, அண்ணா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “எங்க சுரங்கத்துல நியூட்ரினோ கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றாங்களே மேடம், அதுக்கும் ஒரு படம் போட முடியுமா? அப்பா அதுக்குச் சாமான் இறக்கியிருக்காரு.”

1965-இல் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் குழுக்களும் சேர்ந்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களின், அதாவது பெரும்பாலும் எதிலும் மோதாமல் ஊடுருவிப் போய்விடும் நுண்துகள்களின், தடயத்தைக் கண்டன. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அது காணப்பட்டது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கும் மியூயான் என்ற துகள்களைப் பாறை தடுத்துவிடுவதற்காகத்தான் அவ்வளவு ஆழம். அதையும் மீறி வரும் சில மியூயான்கள் மேலிருந்து கீழாக வரும். பக்கவாட்டில், கிடையாக ஒரு தடம் தெரிந்தால், அது மேலிருந்து பாறையைத் துளைத்து வந்ததாக இருக்க முடியாது. அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதி உண்டாக்கிய மியூயானாகத்தான் இருக்கவேண்டும். அதற்காக, துகள் கடந்தால் மின்னும் ஒளிர்வுக் கருவிகளை இரண்டு செங்குத்துச் சுவர்களாக நிறுத்தி, இடையில் நியான் குழாய்களை வைத்திருந்தார்கள்.

நான் வரைந்தேன். பாறைக்கு மங்கல் மஞ்சள், இரண்டு சாம்பல் சுவர்கள், நடுவில் நியானின் சிவப்பில் ஒரு கிடைத்தடம், இடப்புறப் பாறையில் நியூட்ரினோ வரும் வழியாக வெள்ளைப் புள்ளிகள். அண்ணா பார்த்துவிட்டு, அந்த வெள்ளைப் புள்ளிகளைச் சுட்டி, இது என்ன என்று கேட்டார். நியூட்ரினோ என்றேன். “அதக் கண்ணால பாக்கவே முடியாதுன்னீங்களே மேடம்?” என்றார். புள்ளிகளை அழித்தேன். அழித்த பிறகு மியூயான் எங்கிருந்தோ வந்ததாக ஆகிவிட்டது. நிரல் ஏதும் இல்லாத அந்தப் படவுரு முடிவுறாமல் ஃபிளாப்பியிலேயே தங்கியது. நான் அந்தக் கல்லூரியை விட்டு வந்தேன். தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று, அறிவியல் நாளிலேயே, மூடப்பட்டன. அண்ணா ஓய்வுபெற்று, தங்கவயலில் உள்ள ராபர்ட்சன்பேட்டைக்குத் திரும்பினார்.

சென்ற ஆண்டு வீடு மாறும்போது அந்த ஃபிளாப்பிகள் கைக்கு வந்தன. எஸ்.பி. ரோட்டில் பழைய கணினி உதிரிகள் விற்கும் ஒரு கடையில், ஃபிளாப்பி செருகும் வசதியோடு விண்டோஸ் 98 ஓடும் மடிக்கணினி ஒன்று கிடைத்தது. மின்கலம் செத்துப்போயிருந்ததால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் நாள்காட்டி பழைய ஆண்டுக்கே திரும்பியது. வட்டுகளில் இரண்டு படிக்கவில்லை, மூன்றாவது படித்தது. நியூட்டன் வளையங்கள் அப்படியே இருந்தன. தட்டைத் திரையின் கூர்மையில், நான் கைவிட்ட வானவில் படத்தின் சதுரங்கக் கட்ட ஆரஞ்சு மட்டும் கலக்காமல், சிவப்பாகவும் மஞ்சளாகவும் பிரிந்து நின்றது.

சுரங்கப் படத்தை இமேஜ் எடிட்டரில் திறந்து வைத்துக்கொண்டு நிறப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தலைகீழ் நிறம் கண்ணில் பட்டது. அந்தப் புள்ளிக்கு எந்த நிறமும் இல்லை. தான் படும் பின்னணியில் உண்டாக்கும் மாற்றத்தால் மட்டுமே அது இருப்பது தெரிகிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தேர்வு அங்கேயே இருந்திருக்கிறது. இடப்புறப் பாறையில், வெள்ளைப் புள்ளிகளை அழித்த அதே ஐந்து இடங்களில், ஒன்றுவிட்டு ஒன்றாகத் தலைகீழ்ப் புள்ளிகளை வைத்தேன். இன்றைய 32 பிட்டு படவுருக்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளிபுகும் அளவு தனியே குறிக்கப்படுகிறது. எவ்வளவு நுணுக்கமான நிழலையும் அதில் கொண்டுவரலாம், ஆனால் பின்னணியைத் தலைகீழாக்கும் புள்ளி ஒன்றை வைக்க அதில் வழி இல்லை. பிறகு விசுவல் பேசிக்கில், ஒரு பொத்தானை அழுத்தினால் படவுருவுக்குப் பின்னால் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன்.

அச்சடித்துக் காட்டக்கூடிய படம் அல்ல அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கவயலுக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அண்ணாவுக்கு இப்போது கண்பார்வை குறைந்திருக்கிறது. அவருடைய பேரன் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பொத்தானை நான் அழுத்த, ஐந்து புள்ளிகளும் கறுத்தன. மீண்டும் அழுத்த, வெளுத்தன. பாறையும் சுவர்களும் சிவப்புத் தடமும் மாறவில்லை. அவரே பொத்தானை வாங்கி நாலைந்து முறை அழுத்திப் பார்த்தார்.

“இது சரி மேடம்,” என்றார். பிறகு, படத்தின் மேல் மூலையில் விரலை வைத்து, “இங்க ஒரு லைட்டு வைங்க. அவ்வளவு ஆழத்துல லைட்டு இல்லாம எங்க அப்பா எப்படி வேலை பார்த்திருப்பாரு?” என்றார்.

இரண்டு சுவர்களுக்கும் மேலே, பாறையின் அடிவிளிம்பில் ஒரு மஞ்சள் புள்ளியை வைத்துச் சேமித்தேன். கோப்பின் அளவு மாறவில்லை, 766 பைட்டுதான்.